நாலுக்கு மூணு

திருவண்ணாமலை
6 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதம் தொடங்கி, நான் பார்ப்பதையும் கேட்பதையும் உள்ளது உள்ளபடி எழுதப்போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டதால் இனி என் எழுத்துக்கு ஒரு பொறுப்பு வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன்.

நீ நலமா? அட்டை கடித்த இடம் ஆறிவிட்டதா? வால்பாறையில் மழை வலுத்திருப்பதாகச் செய்தியில் சொன்னார்கள். இங்கே வெயில்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் கம்மி. கீழ்பென்னாத்தூர் ஆஸ்பத்திரியில் இப்போது அவளுக்குச் சனிக்கிழமையும் டியூட்டி போட்டுவிட்டார்கள். அதனால் சனிக்கிழமைகளில் நான் அப்பாவோடு அவர் கல்லூரிக்குப் போகிறேன். அங்கே பேராசிரியர்களுக்கே வகுப்பு நடக்கிறது! நவம்பர் வரை நடக்குமாம்.

சென்னையிலிருந்து பாகம்பிரியாள் என்று ஒரு அம்மா பயிற்சி கொடுக்க வருகிறார். ஆசிரமத்துப் பக்கம் செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்குகிறார். மாணவர்கள் பாடத்தை முடிக்கும்போது என்ன செய்யக் கற்றிருக்கிறார்கள் என்று ஆசிரியர்கள் எப்படிக் கண்டுபிடிப்பது, அதுதான் பயிற்சி. நான் கடைசி வரிசையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். ஆனால் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை.

ஒவ்வொருவரையும் தன் பாடத்தின் நோக்கத்தை எழுதச் சொன்னார். அப்பா, "மாணவர் தாவரக் குடும்பங்களை அறிந்துகொள்வார்" என்று எழுதினார். அந்த அம்மா அதைப் பலகையில் எழுதிவிட்டு, "அறிந்துகொள்வார்னு எழுதாதீங்க சார். அறிஞ்சிக்கிட்டாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? அவங்க என்ன செய்வாங்கன்னு எழுதுங்க" என்றார்.

"இருபத்தாறு வருஷமா அப்படித்தாம்மா எழுதறேன்" என்றார் அப்பா.

"இருபத்தாறு வருஷமா யாரும் கேக்கல சார். இப்ப நான் கேக்கறேன்."

விலங்கியல் சோமநாதன் மாமா சத்தமாகச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, எப்போதும் போல அப்பாதான் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துவிட்டு வந்தார்.

நீ பதில் எழுது. ஞாயிற்றுக்கிழமை டவுனுக்கு வந்து அம்மாவிடம் போனில் பேசும் இரண்டு நிமிஷம் எனக்குப் போதாது.

உன் தங்கை
தென்றல்


வால்பாறை
15 ஜூலை 2025

என் தென்றல் குட்டிக்கு,

கடிதம் நனைந்து வந்து சேர்ந்தது. எழுத்து அழியவில்லை. நான் சுகம். ஒரு அட்டை விட்டால் இன்னொரு அட்டை, அவ்வளவுதான். அம்மா முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்கிறாளா? நீ தேய்த்து விடு. கல்லூரி வாசலில் இருந்த தூங்குமூஞ்சி மரம் இருக்கிறதா, வெட்டிவிட்டார்களா? சோமநாதன் மாமா இன்னும் வேட்டியில் மூக்குப்பொடி சிந்திக்கொண்டுதான் பாடம் நடத்துகிறாரா?

இங்கே நாற்றங்காலில் வேலை அதிகம். தேயிலைக்கு நடுவே மிச்சமிருக்கும் துண்டுக் காடுகளில் நடுவதற்குக் கன்று வளர்க்கிறோம். காட்டில் பொறுக்கி வந்த விதை முளைக்கும்போது எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. இரண்டு இலை, நான்கு இலை. எது என்ன மரம் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். என்னைக் கூப்பிடுவார்கள். நான் இலையைக் கசக்கி முகர்ந்து பார்ப்பேன்.

நேற்று அப்படி ஒரு இலையைக் கசக்கியபோது நம் ஊர் மலையின் பின்பக்கத்துப் பாதை ஞாபகம் வந்தது. உனக்கு நினைவிருக்கிறதா? கல்லூரி மாணவர்கள் வரிசையாகப் போவோம். நீ சின்னப் பெண், புளிச்சோற்றுத் தூக்கைச் சுமந்துகொண்டு கடைசியில் வருவாய். காட்டு எலுமிச்சைப் புதரிடம் நின்றதும் உன்னைக் கண்ணை மூடச் சொல்வார்கள். கசக்கிய இலையை மூக்கருகே நீட்டுவார்கள். நீ "ஊறுகாய்!" என்று கத்துவாய். எல்லோரும் சிரிப்பார்கள். குரங்கு ஒன்று என் நோட்டைப் பிடுங்கிக்கொண்டு பாறைமேல் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டியதே, அதுவும் அந்தப் பாதையில்தான்.

பயிற்சி வகுப்பைப் பற்றி இன்னும் எழுது. அந்த அம்மா கேட்டது நல்ல கேள்வி.

அக்கா
எழில்


திருவண்ணாமலை
27 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். மரம் இருக்கிறது. ஒரு கிளையை மட்டும் கரண்ட் கம்பிக்காக வெட்டியிருக்கிறார்கள். மாமாவின் பொடியும் இருக்கிறது.

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். ஒன்று கவனித்தேன். அம்மாவை விசாரித்திருக்கிறாய். மரத்தை விசாரித்திருக்கிறாய். மாமாவின் பொடியைக்கூட விசாரித்திருக்கிறாய். "கண்ணை மூடச் சொல்வார்கள்" என்று எழுதியிருக்கிறாய். அது அப்பாதானே? இலையை நீட்டியதும் அப்பாதான். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, அவர் விரல் முழுக்க அந்த வாசனை இருக்கும். வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதும் போகாது.

நேற்றைய வகுப்பில் ஒரு பெரிய கட்டம் கொடுத்தார்கள். பாடத்தின் ஒவ்வொரு நோக்கமும் படிப்பின் பெரிய நோக்கங்களோடு எவ்வளவு பொருந்துகிறது என்று பூஜ்யத்திலிருந்து மூன்று வரை எண் போட வேண்டும். சோமநாதன் மாமா ஐந்தே நிமிஷத்தில் எல்லாக் கட்டத்திலும் மூன்று போட்டு முடித்துவிட்டு என்னிடம் வேர்க்கடலை கேட்டார்.

"சார், தவளையை அறுக்கறதுக்கும் தொழில்முனைவோர் திறனுக்கும் மூணா?" என்று கேட்டார் பாகம்பிரியாள் அம்மா.

"நான் குருக்கள் வீட்டுப் பையன்மா. கட்டத்துல பூஜ்யம் போட்டா அபசகுனம், மனசு ஒப்பல."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் ஒவ்வொரு கட்டமாக யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு தன் பழைய வாக்கியத்தை அடித்துவிட்டு வேறு எழுதினார். நான் எட்டிப் பார்த்து மனப்பாடம் செய்தேன்: "பூவும் காயும் இல்லாத ஒரு கிளையைக் கொடுத்தால், மாணவர் இலையையும் தண்டையும் மட்டும் வைத்து அதன் குடும்பத்தைச் சொல்வார். ஏன் என்று காரணமும் சொல்வார்."

பாகம்பிரியாள் அம்மா அதைப் படித்துவிட்டு, "இதுதான் நான் கேக்கற கற்றல் விளைவு. இதைச் செய்யற ஒரு மாணவரை உங்களுக்குத் தெரியுமா சார்?" என்றார்.

அப்பா, "தெரியும்" என்று மட்டும் சொன்னார்.

தென்றல்


வால்பாறை
8 ஆகஸ்ட் 2025

தென்றல் குட்டிக்கு,

நலம். மழை விடவில்லை, தேயிலை லாரிகள் எல்லாம் பாதியில் நிற்கின்றன. நாற்றங்கால் பந்தல் ஒருபக்கம் சாய்ந்துவிட்டது. நேரமே இல்லை. "சொல்வார்கள்" என்று அவசரத்தில் எழுதியிருப்பேன்.

உன் பள்ளியில் கட்டுரைப் போட்டி எப்போது? அம்மாவுக்கு நான் அனுப்பிய மிளகு வந்ததா?

வேர்க்கடலையை மாமாவுக்குக் கொடுத்தாயா, இல்லையா? அதை எழுதவில்லையே.

அக்கா
எழில்


திருவண்ணாமலை
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். மிளகு வந்தது. வேர்க்கடலையில் பாதி கொடுத்தேன்.

நேற்று நடந்ததை எழுதலாமா கூடாதா என்று நிறைய யோசித்தேன். உண்மையாக எழுதுவேன் என்று சொல்லிவிட்டதால் எழுதுகிறேன்.

பாகம்பிரியாள் அம்மா ஒரு விடைத்தாளின் நகலைத் தாவரவியல், விலங்கியல் ஆசிரியர்கள் எல்லோருக்கும் கொடுத்தார். எல்லோருக்கும் அதே விடைதான். வேறு ஏதோ ஊர்க் கல்லூரி மாணவர் ஒரு செடியைப் பற்றி எழுதியது, பெயர் இல்லை. ஒருவரை ஒருவர் பார்க்காமல் பத்துக்கு மதிப்பெண் போட வேண்டும். ஒரே விடைக்கு ஆளுக்கு ஆள் எவ்வளவு வித்தியாசமாகப் போடுகிறார்கள் என்று காட்டுவதற்காக.

மதிப்பெண்களைப் பலகையில் எழுதினார். எட்டு, எட்டு, ஏழு, ஒன்பது, எட்டு. ஒன்று மட்டும் நாலு.

"நாலு போட்டவர் யாரு? தப்பு ஒண்ணும் இல்ல, காரணம் மட்டும் சொல்லுங்க" என்றார்.

அப்பா எழுந்து நின்றார். பள்ளிக்கூடத்தில் நாங்கள் எழுந்து நிற்பது மாதிரியே நின்றார்.

"காரணம் சொல்லுங்க சார். எங்க குறைஞ்சுது?"

அப்பா அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "குறை ஒண்ணும் இல்லம்மா. நல்ல விடை. வாசனைய எழுதியிருக்குது. எழுதிட்டு, 'ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகம்'னு கேள்வி வேற கேட்டிருக்குது. என் பெரிய பொண்ணு இப்படித்தான் எழுதும். படிச்சிட்டே வரும்போது கை தானா குறைச்சிடுச்சு."

பாகம்பிரியாள் அம்மா, "உக்காருங்க சார்" என்று மெதுவாகச் சொன்னார்.

இடைவேளையில் கேன்டீனில் சோமநாதன் மாமா அந்த அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன். என்னை அவர் பார்க்கவில்லை. "அந்தப் பொண்ணு இவன் வகுப்புலயே முதல் பொண்ணும்மா. அகமதிப்பீட்டுல இருபத்தஞ்சுக்குப் பதினாறு போட்டான். 'டேய், எல்லாருக்கும் இருபதுக்கு மேல போட்டுட்டு அவளுக்கு மட்டும் ஏன்டா'ன்னேன். 'சோமு, என் பொண்ணுக்கு ஜாஸ்தி போட்டா காலேஜே பேசும்'னான். அதுலதான் அவளுக்குச் சென்னையில எம்.எஸ்சி. சீட்டு போச்சு. காட்டுக்குப் போயிட்டா. அப்புறம் அப்பனும் பொண்ணும் பேச்சில்ல."

எனக்கு இது தெரியாது அக்கா. உனக்குச் சென்னையில் இடம் கிடைக்கவில்லை என்றுதான் சொன்னார்கள். ஏன் கிடைக்கவில்லை என்று நானும் கேட்டதில்லை. நான் அப்போது நான்காம் வகுப்பு.

நேற்று அப்பா விளக்குகளை அணைக்காமலே வந்துவிட்டார். மாமாதான் திரும்பிப் போய் அணைத்தார்.

தென்றல்


திருவண்ணாமலை
14 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து கடிதம் வரவில்லை. நலமா? ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசியபோதும் என்னைக் கேட்கவில்லையாம். தபால்காரர் தசரதன் அண்ணன், "உங்க அக்கா பேனாவுல மை தீந்துடுச்சு போல" என்று கிண்டல் செய்கிறார்.

போன கடிதத்தில் என்ன எழுதினேன் என்று அம்மா கேட்டாள். சொன்னேன். "அதையெல்லாம் ஏன்டி அவளுக்கு எழுதுன?" என்றாள். உண்மையை எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன் என்றேன். அம்மா துவைத்த யூனிபாரத்தை மடித்துக்கொண்டே இருந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். அப்புறம், "சரி, எழுதுனது எழுதுனதுதான். எனக்கும் அஞ்சு வருஷமா எழுத வரல" என்றாள்.

கட்டுரைப் போட்டியில் இரண்டாம் பரிசு. முதல் பரிசு வாங்கிய பெண் "இயற்கை அன்னை" என்று ஏழு இடத்தில் எழுதியிருந்தாள். நான் ஒரு இடத்திலும் எழுதவில்லை.

நீ கோபமாக இருந்தால் கோபமாக இருக்கிறேன் என்றாவது எழுது.

தென்றல்


வால்பாறை
27 செப்டம்பர் 2025

தென்றல் குட்டிக்கு,

கோபம் இல்லை. மண் சரிந்து பாதை அடைபட்டது, தபால் பை கீழேயே தங்கிவிட்டது. அது ஒரு காரணம்.

இரண்டாம் பரிசுக்கு வாழ்த்து. நீ சொன்ன காரணத்துக்காகவே அதை முதல் பரிசாக வைத்துக்கொள்.

இங்கே ஒருவழியாக வெயில் அடித்தது. மழைக்குப் பிறகு வரும் முதல் வெயிலில் இலைகளைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கப் பிடிக்கும். சில இலைகளில் ஊசியால் குத்தியது போலப் புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரியும், எண்ணெய்ப் புள்ளிகள். மலையில் உச்சி வெயிலில் நாங்கள் எல்லோரும் ஆளுக்கொரு இலையைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு வாய் பிளந்து நிற்போம். கீழே கிரிவலம் போகிறவர்கள் நின்று நாங்கள் எதைப் பார்க்கிறோம் என்று அவர்களும் வானத்தைப் பார்ப்பார்கள். ஒரு பாட்டியம்மா, கருடன் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அன்று சிரித்த மாதிரி நான் அப்புறம் சிரிக்கவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். அந்த நாலு மதிப்பெண், அதை அப்படியே விட்டுவிட்டார்களா? யாராவது திருத்தினார்களா?

அக்கா
எழில்


திருவண்ணாமலை
5 அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டதும் எனக்குத் தலைவலியே போய்விட்டது. அம்மா நலம், அப்பாவுக்குச் சளி. கஷாயம் குடிக்க மாட்டேன் என்கிறார்.

நாலை யாரும் திருத்தவில்லை. பலகையில் எழுதியதை அடுத்த வகுப்பில் அழித்துவிட்டார்கள். ஆனால் அப்பா தன் தாளை அழிக்கவில்லை, வீட்டு மேஜையில் வைத்திருக்கிறார்.

இப்போது பயிற்சியில் புது வேலை. படித்து முடித்து ஐந்து வருஷம் ஆன மாணவர்களைக் கண்டுபிடித்து, அந்தப் பாடத்தில் கற்ற எதை இன்று செய்கிறார்கள் என்று கேட்க வேண்டும். அதைப் பாடத்தின் அளவுகோலில் வைத்து நாலுக்கு மதிப்பெண் போட வேண்டும். குடும்பமும் சரி, காரணமும் சரி என்றால் நாலு. காரணங்கள் நன்றாக இருந்து முடிவு தவறு என்றால் மூன்று. இப்படிக் கீழே போகும். அப்பா அந்த வருஷத்து மாணவர்கள் எல்லோருக்கும் கேள்வியை அனுப்பினார். போளூரில் உரக்கடை வைத்திருக்கும் முருகையன் அண்ணன், "சார் நீங்க சூப்பரா நடத்துவீங்க" என்று எழுதினார். போலீஸில் சேர்ந்த ஒரு அக்கா கைகூப்பும் படம் அனுப்பினார். மற்றவர்களும் அப்படித்தான்.

பாகம்பிரியாள் அம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இது உங்க மேல இருக்கற பாசம் சார், விளைவு இல்ல" என்றார்.

வரும் வழியில் வண்டியின் பின்னால் உட்கார்ந்து நான் கேட்டேன். "அப்பா, அக்காவும் அந்த வருஷந்தானே? அக்காவுக்கு ஏன் அனுப்பல?"

"அவ என் பொண்ணுடா."

"உங்க ஸ்டூடன்ட் இல்லையா?"

பஸ் ஸ்டாண்ட் வந்தது. பெரிய தேர் நிற்கும் இடம் வந்தது. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "அவ எழுத மாட்டா" என்றார். அனுப்பக் கூடாது என்று சொல்லவில்லை. நான் கவனமாகக் கேட்டேன்.

கேள்வித்தாளை இதனுடன் வைத்திருக்கிறேன். நானாகத்தான் வைத்தேன்.

தென்றல்


வால்பாறை
17 அக்டோபர் 2025

தென்றல் குட்டிக்கு,

தீபாவளிக்கு உனக்கு ஒரு சால்வை அனுப்பியிருக்கிறேன், அங்கே அதைப் போர்த்த முடியாது என்று தெரிந்தும். சளிக்கு மிளகை நெய்யில் வறுத்துக் கொடுக்கச் சொல். கஷாயத்தை எப்போதுமே குடித்ததில்லை.

கேள்விக்குப் பதில் கீழே. கொடுப்பதும் கிழிப்பதும் உன் விருப்பம்.

"கற்ற எதை இன்று செய்கிறீர்கள்?

பூ இல்லாத கன்றுகளைக் குடும்பம் பிரிக்கிறேன். ஓர் உதாரணம். இங்கே ஒரு பாத்தி முழுக்கக் கன்றுகள் முளைத்தன. எல்லோரும் நாவல் என்றார்கள். இலைகள் எதிரெதிராக இருந்தன. வெயிலில் பிடித்தால் எண்ணெய்ப் புள்ளிகள் தெரிந்தன. இரண்டும் நாவலுக்குப் பொருந்தும். ஆனால் கசக்கினால் நாவல் வாசனை இல்லை, எலுமிச்சை போல இருந்தது. ஆகவே இது நாவல் குடும்பம் அல்ல, எலுமிச்சைக் குடும்பம் என்று சொல்லித் தனியே நட வைத்தேன். ஆனாலும் எலுமிச்சைக் குடும்பத்தில் எதிரெதிர் இலை அபூர்வம் என்பதால் அன்று ஒரு சந்தேகம் இருந்தது.

மதிப்பெண்: ஆசிரியர் போடவும்."

எழில்


திருவண்ணாமலை
2 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சால்வை வந்தது. வியர்க்க வியர்க்கப் போர்த்திக்கொண்டுதான் எழுதுகிறேன். மிளகில் சளி போய்விட்டது. "யாரு சொன்னது?" என்று அப்பா கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். மிச்சத்தையும் மென்று தின்றார்.

உன் பதிலை அப்பாவிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார். பிறகு கொல்லைப்பக்கம் எடுத்துக்கொண்டு போனார். அம்மா என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன். இரண்டு பேரும் அசையவில்லை.

இரண்டு நாள் அது மேஜையிலேயே கிடந்தது. பேனாவை எடுப்பார், மூடி வைப்பார். நேற்று கல்லூரியில் சோமநாதன் மாமா, "டேய், கண்ணை மூடிட்டு நாலு போடேன். இப்ப யார்டா பேசப் போறா?" என்றார்.

"அன்னைக்கும் விடையப் பாக்காம ஊரைப் பாத்துப் போட்டேன். இன்னைக்கு மனசைப் பாத்துப் போட்டா அதுவும் பொய்தானே சோமு" என்றார் அப்பா.

பிறகு பேனாவைத் திறந்து மூன்று போட்டார். பக்கத்தில் காரணம் எழுதினார்: "கவனிப்பு மிக நன்று. ஆனால் எதிரெதிர் இலையும் எண்ணெய்ப் புள்ளியும் நாவல் குடும்பத்தையே வலுவாகக் காட்டுகின்றன. வாசனை ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்தது போதாது."

எனக்கு அழுகை வந்தது. உன்னிடம் மறைக்கலாம் என்றுகூட நினைத்தேன். நாலு என்று எழுதினால் நீ சந்தோஷப்படுவாய். ஆனால் நாலு இல்லை, மூன்றுதான். எழுதிவிட்டேன்.

தென்றல்


வால்பாறை
12 நவம்பர் 2025

பெறுநர்: பேராசிரியர் இளஞ்செழியன், தாவரவியல் துறை
பொருள்: மறுமதிப்பீடு கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் சளி குணமாகிவிட்டதாக அறிந்தேன்.

என் விடைக்கு நாலுக்கு மூன்று வழங்கப்பட்டுள்ளது. எழுதியிருக்கும் காரணத்தை ஏற்க முடியவில்லை. விடையில் ஒன்றை எழுத விட்டுவிட்டேன், அது என் தவறு. ஆனால் முடிவு தவறு இல்லை. சான்றாக ஒரு கிளையை ஈரத்துணியில் சுற்றி இணைத்துள்ளேன். இலைக்காம்பின் மேல்முனையைத் தயவுசெய்து பார்க்கவும்.

காம்பும் இலையும் சேரும் இடத்தில் முழங்கை போல ஒரு சின்ன வீக்கம் இருக்கிறது. நாவலுக்கு அது கிடையாது. மலையின் பின்பக்கத்தில் இருக்கும் காட்டு எலுமிச்சைக்கு உண்டு. அதை எனக்குக் காட்டியவர் யார் என்று ஐயா அவர்களுக்கே தெரியும். என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்து, "கண்ணு ஏமாத்தும்டா, தடவிப் பாரு" என்று சொன்னீர்கள்.

குறைத்துப் போட்டதற்குக் காரணம் எழுதியிருந்தீர்கள். அதைப் பலமுறை படித்தேன். போன முறை காரணம் எதுவும் எழுதவில்லை.

மறுமதிப்பீட்டின் முடிவை மாணவர் நேரில் வந்து பெற்றுக்கொள்ளலாமா என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு
தங்கள் மாணவி
எழிலரசி

அப்பா, கஷாயம் குடித்திருந்தால் முன்னமே சரியாகியிருக்கும்.


திருவண்ணாமலை
23 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். இது உனக்கு வந்து சேர்வதற்குள் நீயே கிளம்பியிருந்தாலும் பரவாயில்லை, நடந்ததை நான் எழுதித்தான் ஆக வேண்டும்.

தசரதன் அண்ணன் பொட்டலத்தை வெள்ளிக்கிழமை கொண்டுவந்தார். "உள்ளே ஏதோ செடி வாசனை வருதே, பிரசாதமா?" என்றார். முகவரியில் அப்பாவின் பெயர் உன் கையெழுத்தில் இருந்ததை அம்மாதான் முதலில் பார்த்தாள். வாங்கியவள் கொடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டாள்.

அப்பா வீட்டில் பிரிக்கவில்லை. நேற்று பயிற்சியின் கடைசி வகுப்பு. அது முடிந்ததும் என்னையும் மாமாவையும் ஆய்வகத்துக்கு அழைத்துப் போனார். பாகம்பிரியாள் அம்மாவும் வந்தார். உன் விண்ணப்பத்தை அப்பா வாய்விட்டுப் படித்தார். "தடவிப் பாரு" என்ற இடத்தில் நிறுத்தினார். மிச்சத்தை மனதுக்குள் படித்துக்கொண்டார்.

ஈரத்துணியைப் பிரித்தார். ஜன்னல் வெளிச்சத்தில் இலையைத் தூக்கிப் பிடித்தார். புள்ளிகள் எனக்கும் தெரிந்தன. ஒரு இலையைக் கசக்கி என்னைக் கண்ணை மூடச் சொன்னார். ஐந்து வருஷம் கழித்து நான் மறுபடியும் "ஊறுகாய்" என்றேன். ஆனால் கத்தவில்லை, மெதுவாகத்தான் வந்தது.

பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, காம்பைக் கட்டைவிரலால் மேலே மேலே தடவிக்கொண்டு போனார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"இருக்கு சோமு" என்றார். "நான்தான் காட்டுனேன். நானே மறந்துட்டேன். அவ மறக்கல."

"அப்ப விண்ணப்பத்தை ஏத்துக்கோ. ஆனா சட்டம் தெரியுமில்ல? மறுமதிப்பீடுன்னா வேற ஆளுதான் திருத்தணும். குடு, நான் போடறேன்" என்று மாமா கை நீட்டினார்.

அப்பா தாளை மாமாவிடமிருந்து தள்ளி வைத்துக்கொண்டார். "இல்ல சோமு. இத நான்தான் திருத்தணும்."

மூன்றை அடித்தார். நாலு என்று எண்ணால் எழுதினார், எழுத்தாலும் எழுதினார், பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். காரணம் என்ற இடத்தில், "மாணவி சொன்னது சரி. ஆசிரியர் தடவிப் பார்க்கவில்லை" என்று எழுதினார். தேதியும் போட்டார். பாகம்பிரியாள் அம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். மாமா பொடி போட்டார். பொடியால்தான் கண்ணில் தண்ணீர் என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை.

நேரில் வந்து வாங்கிக்கொள்ளலாமா என்று நீ கேட்டதை ஞாபகப்படுத்தினேன்.

"இத ஒரு விண்ணப்பத்துல கேப்பாளா? வரச் சொல்லுடா. தீபத்துக்கு முன்னாடியே வரச் சொல்லு. மலைக்குப் பின்னாடி போலாம். அந்தப் புதர் இருக்குதான்னு பாக்கணும்." பிறகு, "நீ எழுது. இல்ல, நானே எழுதறேன்" என்றார். இரவு எழுத உட்கார்ந்தார். "அன்புள்ள" என்பதோடு நிற்கிறது. அதற்காகக் காத்திருக்காதே, கிளம்பி வா. புளிச்சோற்றை இந்த முறையும் நானே சுமக்கிறேன்.

மறந்துவிட்டேன், ஆய்வகத்தில் நடந்த கடைசி விஷயம். மாமாவும் பாகம்பிரியாள் அம்மாவும் முன்னால் போய்விட்டார்கள். அப்பா உன் கிளையை ஒரு கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் ஊற்றி வைத்தார். வாசல்வரை வந்தவர் நின்று, அதைத் திரும்பிப் பார்த்தார். பிறகு உள்ளே போய், ஒவ்வொன்றாக எல்லா விளக்குகளையும் அணைத்தார்.

தென்றல்